பொத்தான் ஊர் மஸ்கட்டீன்

அமெரிக்கா என்றாலே நியூயார்க், சிகாகோ, கலிஃபோர்னியா கதைகள்தான் காதில் விழுகின்றன. ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர் அங்கே எப்படி உண்டாகிறது, ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், நம்ம ஊர் என்கிற பிடிப்பு அவர்களுக்கு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாகச் சொன்னால் எல்லா ஊருக்கும் பொருந்துகிற மாதிரியும் இருக்கும், எந்த ஊரையும் காட்டாத மாதிரியும் இருக்கும். அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற மஸ்கட்டீன். இன்றைக்கு மக்கள்தொகை சுமார் 24,000.

வடக்கிலிருந்து வருகிற மிசிசிப்பி, டேவன்போர்ட் பக்கத்தில் கிழக்கு மேற்காகத் திரும்பி ஓடுகிறது. மறுபடியும் தெற்கே வளைகிற திருப்பத்தில்தான் மஸ்கட்டீன் உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் வீடுகள், கீழே கடைத்தெரு, அதை ஒட்டி ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் ஆறு. அந்தக் கரையில் மண்ணைக் கிளறினால் ஒரு பொருள் கையில் கிடைக்கும். வட்ட வட்டமாக ஓட்டை போட்ட சிப்பி. ஒரு சிப்பியில் மூன்று ஓட்டை, நான்கு ஓட்டை, சிலதில் ஏழெட்டுக்கூட இருக்கும். ஊரின் பாதிக் கதை அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

இது முதலில் சாக், மெஸ்க்வாக்கி மக்களின் நாடு. அவர்களுக்கும் முந்தியவர்கள் எழுப்பிய மண்மேடுகள் ஊரின் வீட் பூங்காவில் இன்றும் இருக்கின்றன. 1832இல் சாக் தலைவர் பிளாக் ஹாக் தலைமையில் நடந்த எதிர்ப்பை ராணுவம் நசுக்கியது. அதன் பிறகு ஆற்றின் மேற்குக் கரை நெடுக ஒரு பெரிய நிலப்பட்டையை ஒப்பந்தம் என்ற பேரில் அரசு எடுத்துக்கொண்டது. 1833 ஜூனில் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். மூன்றே வருடத்தில் இங்கே மனை பிரித்து புளூமிங்டன் என்று பெயர் வைத்தாயிற்று. அதே பெயரில் வேறு ஊர்களும் இருந்ததால் தபால் மாறிப் போகிறது என்று சொல்லி, 1849இல் மஸ்கட்டீன் என்று மாற்றினார்கள். மஸ்கூட்டன் என்ற பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலானவர்கள் சொல்கிற விளக்கம். ஆட்களை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர்கள் அமெரிக்கா முழுவதும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆற்றில் நீராவிப் படகுகள்தான் எல்லாம். அந்தப் படகுகளுக்கு விறகு வேண்டும். கரையோரக் காட்டில் மரம் வெட்டிப் படகுகளுக்கு விற்றுப் பணம் சேர்த்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கிளார்க். மஸ்கட்டீனைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்று யாராவது சொன்னால், பொத்தானை விட்டுவிட்டு இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

கிளார்க் 1826இல் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். முடிதிருத்தும் தொழில் கற்றுக்கொண்டு 1842இல், பதினாறு வயதில், இந்த ஊருக்கு வந்தார். கடை போட்டார், விறகு விற்றார், நிலம் வாங்கினார். அயோவாவில் அடிமை முறை கிடையாது. ஆனால் கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமையும் கிடையாது, பள்ளிக்கூடத்தில் இடமும் கிடையாது. அப்படியிருந்தும் மஸ்கட்டீனில் மாநிலத்தின் பெரிய கறுப்பினச் சமூகங்களில் ஒன்று உருவானது. கிளார்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 1840களின் கடைசியில் தங்களுக்கென்று ஒரு ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போர் வந்தபோது காலில் இருந்த குறைபாட்டால் அவரால் படையில் சேர முடியவில்லை. ஊர் ஊராகப் போய் கறுப்பின வீரர்களைத் திரட்டிக் கொடுத்தார்.

போர் முடிந்த பிறகு 1867இல் நடந்ததுதான் முக்கியம். கிளார்க்கின் மகள் சூசனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேரப் போனாள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது, அங்கே போ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். பள்ளி நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 1868இல் அயோவா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று சட்டம் சொல்லும்போது, நிறத்தைக் காட்டிப் பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஓர் அதிகாரம் உண்டென்றால், நாளைக்கு ஜெர்மன் பிள்ளைக்கு ஒரு பள்ளி, ஐரிஷ் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்றும் பிரிக்கலாமே என்று நீதிமன்றம் கேட்டது.

இதே முடிவுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்தது 1954இல். எண்பத்தாறு வருடம் கழித்து! ஆற்றங்கரையில் முடி வெட்டிக்கொண்டும் விறகு விற்றுக்கொண்டும் இருந்த ஒரு தகப்பன், நாடு முழுக்க அவ்வளவு காலம் பிடித்த விஷயத்தைத் தன் மாநிலத்தில் சாதித்துக் காட்டினார். அதே 1868இல் மாநில வாக்கெடுப்பில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதற்கான பிரசாரத்திலும் முன்னால் நின்றவர் அவர்தான். சூசன் 1871இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தாள். மகன் 1879இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார், அங்கே சட்டம் படித்த முதல் கறுப்பினத்தவர் அவர். மகன் முடித்துச் சில வருடம் கழித்து அப்பாவும் அதே கல்லூரியில் சேர்ந்து 1884இல், ஐம்பத்தெட்டு வயதில், சட்டப் பட்டம் வாங்கினார். 1890இல் ஜனாதிபதி ஹாரிசன் அவரை லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராக அனுப்பினார். மறு வருடமே மன்ரோவியாவில் இறந்துபோனார். உடலை மஸ்கட்டீனுக்கே கொண்டுவந்து கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

ஊர் அவரை உடனே கொண்டாடிவிடவில்லை. 1970களில் அவர் வீடு இருந்த இடத்தில் முதியோர் குடியிருப்புக் கட்டடம் வருகிறது, வீட்டை இடிக்கலாம் என்றார்கள். சில ஊர்க்காரர்கள் மல்லுக்கு நின்று, வீட்டையே பெயர்த்துக் கொஞ்ச தூரம் தள்ளி வைத்துக் காப்பாற்றினார்கள். செங்கல் வீடு. அப்படியே நகர்த்தினார்கள். இன்றைக்கு ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு சூசன் கிளார்க்கின் பெயர். எந்தக் குழந்தைக்கு வாசல் அடைக்கப்பட்டதோ, அந்தக் குழந்தையின் பெயர் இப்போது பள்ளி வாசலிலேயே இருக்கிறது. ஊர்ப் பிடிப்பு உண்டா என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் இருக்கிற முதல் பதில் இந்த வீடும் இந்தப் பள்ளியும்தான்.

சரி, தொழிலுக்கு வருவோம். விறகுக்குப் பிறகு மரம். விஸ்கான்சின், மினசோட்டா பைன் காடுகளை வெட்டித் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள். மஸ்கட்டீனில் ஹெர்ஷி, மஸ்ஸர் குடும்பங்களின் மரவாடிகள் அவற்றை அறுத்துப் பலகையாக்கி மேற்கே மரமில்லாத சமவெளிக்கு அனுப்பின. வடக்கே காடு தீர்ந்தது, இருபதாம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில் வாடிகளும் மூடின. மஸ்ஸர் குடும்பம் ஊருக்கு ஒரு நூலகத்தை விட்டுப்போனது. அவர்கள் வீட்டுப் பெண் ஒருவரின் மாளிகைதான் இப்போது ஊரின் கலைக்கூடம்.

அப்புறம்தான் பொத்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் ஜான் ஃபிரெட்ரிக் பெப்பிள் என்று ஒரு பொத்தான் தொழிலாளி இருந்தார். கொம்பிலும் சிப்பியிலும் பொத்தான் கடைகிறவர். அமெரிக்க ஆறுகளில் தடித்த ஓடுள்ள மட்டி கிடைக்கிறது என்று தெரிந்து 1887இல் கப்பல் ஏறினார். இலினாயில் ஓர் ஆற்றில் குளிக்கும்போது காலைச் சிப்பி கிழித்தது, குனிந்து பார்த்தால் அடியெல்லாம் மட்டி என்று ஒரு கதை சொல்வார்கள். 1890இல் வெளிநாட்டுப் பொத்தான் மீது அரசு கடும் இறக்குமதி வரி போட்டது. உள்ளூரில் செய்தால் கட்டுப்படியாகும் என்கிற நிலை வந்தது. மறு வருடம் பெப்பிள் மஸ்கட்டீனில் பட்டறை திறந்தார். ஆற்றின் அந்தப் பகுதியில் மட்டிகள் படுகை படுகையாகக் குவிந்து கிடந்தன.

மட்டி பிடிக்கிற முறை எளிமையானது. தட்டையான படகில் ஒரு நீளக் கம்பி. அதில் வரிசையாகக் கயிறுகள். கயிறுகளில் முள் இல்லாத கொக்கிகள். இதை ஆற்றடியில் இழுத்துக்கொண்டு போவார்கள். தன் ஓடுகளைத் திறந்து வைத்திருக்கும் மட்டி, ஏதோ பட்டதும் பயந்து மூடிக்கொள்ளும். கொக்கியைக் கவ்வியபடியே மேலே வந்துவிடும். கரையில் பெரிய தொட்டியில் வேகவைத்துச் சதையை எடுப்பார்கள். எப்போதாவது உள்ளே முத்து கிடைக்கும், அது பிடித்தவனின் அதிர்ஷ்டம். ஓடு தொழிற்சாலைக்குப் போகும். அங்கே குழாய் வடிவ ரம்பத்தால் வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். வெட்டுகிறவர் கையும் உடுப்பும் நாள் முழுக்க ஈரம். பிறகு தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றி, அளவு பிரித்து அனுப்புவார்கள். அட்டையில் பொத்தான் தைக்கிற வேலை வீடுகளுக்குப் போகும். அம்மா, பாட்டி, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள்.

1904 வாக்கில் பாரி சகோதரர்கள் துளையிடுதலையும் முகம் கடைதலையும் ஒரே ஓட்டத்தில் செய்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். 1905இல் மஸ்கட்டீன் ஒரு வருடத்தில் செய்த பொத்தான்கள் 150 கோடி. உலகத்தில் செய்யப்பட்ட பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்தின் முத்துப்பொத்தான் தலைநகரம் என்று ஊர் தன்னையே அழைத்துக்கொண்டது. தொழிலைத் தொடங்கிவைத்த பெப்பிளுக்கோ இந்த இயந்திர வேகம் ஒத்துவரவில்லை; கையால் கடைந்து பழகிய மனுஷன், தன் கம்பெனியே கையைவிட்டுப் போவதைப் பார்த்தார்.

எண்ணிக்கைக்குக் கூலி, எண்ணுகிறவரோ முதலாளியின் ஆள் என்றால் சண்டை வராமல் இருக்காது. குறைவாக எண்ணுகிறார்கள், நல்ல வில்லையையும் கழிக்கிறார்கள் என்று புகார். பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். 1911 பிப்ரவரியில் முதலாளிகள் ஒரே நேரத்தில் கதவடைப்புச் செய்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். மோதல் முற்றி ஏப்ரலில் கவர்னர் படையை அனுப்பினார். இந்தப் போராட்டத்தில் வளர்ந்தவள் பேர்ள் மகில், பெயரே முத்து. பதினாறு பதினேழு வயதில் சிகாகோ, பாஸ்டன் என்று போய்ப் பொத்தான் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டினாள். 1912இல் மாசசூசெட்ஸ் லாரன்ஸ் நகரில் நடந்த பெரிய நெசவாலைப் போராட்டத்திலும் போய் நின்றாள். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி ஆசிரியை ஆனாள். 1924இல் முன்னாள் கணவனின் கையால் கொலையுண்டு, முப்பது வயதுகூட நிறையாமல் போய்ச்சேர்ந்தாள். மஸ்கட்டீனில் போராட்டம் 1912 வரை இழுத்துத் தொழிலாளர்களுக்குப் பெரிய பலன் இல்லாமலே அடங்கியது. பொத்தான் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 150 கோடியை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பெண்ணைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தலாக இருக்கும்.

மனிதர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு காலியாகிக்கொண்டிருந்தது. மட்டி மெதுவாக வளரும் உயிர். பொத்தானுக்கு ஆகிற அளவுக்கு வளரப் பல வருடம் பிடிக்கும். ஒரு படுகையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த படுகைக்குப் போனார்கள். கவலைப்பட்ட அரசு, ஊருக்குக் கொஞ்சம் மேலே ஃபேர்போர்ட்டில் ஓர் உயிரியல் ஆய்வு நிலையத்தை நிறுவியது. மட்டிக் குஞ்சு கொஞ்ச நாள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்துதான் பிறகு அடியில் இறங்கும். ஆகவே மீன்களைப் பிடித்து, அவற்றின் செவுளில் மட்டிக் குஞ்சை ஒட்டவைத்து, லட்சக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். அந்த வேலையில் அரசுக்காக மட்டிப் படுகைகளைத் தேடிப்போன ஆட்களில் பெப்பிளும் ஒருவர். ஆற்றில் இறங்கியபோது சிப்பி காலைக் கிழித்து, விஷம் ஏறி, 1912இல் இறந்தார்.

ஒரு மட்டியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொத்தானுக்கு மிக உயர்ந்தது எபோனிஷெல் என்கிற, வெளியே கருத்து உள்ளே பால் வெள்ளையாக இருக்கிற வகை. அதன் குஞ்சு ஒட்டிக்கொள்வது ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் என்ற ஒரு மீனில். அந்த மீன் தெற்கிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்தி வரும். 1913இல், மஸ்கட்டீனுக்குச் சுமார் 150 கிலோமீட்டர் கீழே, கியோகக் என்ற இடத்தில் மின்சாரத்துக்காக ஆற்றின் குறுக்கே பெரிய அணை எழும்பியது. மீனால் தாண்ட முடியவில்லை. மேலே இருந்த மட்டிகள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் குஞ்சுகளுக்கு ஏற மீன் வரவில்லை. கிழடாகிக் கிழடாகி அந்த இனம் மேல் மிசிசிப்பியிலிருந்து ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆய்வு நிலையம் எத்தனை லட்சம் குஞ்சு விட்டால் என்ன, வழி அடைபட்ட பிறகு? இதைப் படித்த நாளிலிருந்து அணை என்றாலே எனக்கு முதலில் அந்த மீன்தான் நினைவுக்கு வருகிறது.

தொழிற்சாலைகள் வேறு ஆறுகளிலிருந்து சிப்பி வரவழைத்து இன்னும் பல வருடம் ஓடின. ஜிப் வந்தது, துவைக்கும் இயந்திரம் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1960களின் கடைசியில் சிப்பிப் பொத்தான் வெட்டுவது நின்றுபோனது. சில கம்பெனிகள் பிளாஸ்டிக் பொத்தானுக்கு மாறிக்கொண்டன. ஃபேர்போர்ட் இப்போது மாநில அரசின் மீன் பண்ணை.

நடுவில் ஒரு மோசமான அத்தியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உள்ளூர்க்காரரான நார்மன் பேக்கர் 1925இல் வானொலி நிலையம் தொடங்கினார். மருத்துவர்களை நம்பாதே என்று வானொலியில் முழங்கி, புற்றுநோயைக் குணப்படுத்துகிறேன் என்று ஊரில் ஒரு மருத்துவமனையே திறந்தார். தர்ப்பூசணி விதை, சோளக்கதிர் நார், குளோவர் இலை இவற்றைக் காய்ச்சிய கஷாயம்தான் மருந்து. சாகக் கிடந்தவர்கள் சொத்தை விற்று வந்தார்கள். 1931இல் ஒலிபரப்பு உரிமம் பறிபோனது. மருத்துவச் சங்கத்தின் மீது போட்ட மானநஷ்ட வழக்கிலும் தோற்றார். மெக்சிகோ எல்லைக்கும், பிறகு ஆர்கன்சாவுக்கும் போய் அதே வேலையைச் செய்து, தபால் மோசடிக்காக 1940இல் தண்டனை பெற்று, பிறகு சிறைக்குப் போனார். ஊர்க்காரர்கள் பலர் அவரை நம்பி, ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடிக் கைதட்டினார்கள் என்பதுதான் வேதனை.

பொத்தான் போன பிறகு ஊர் ஏன் செத்துப்போகவில்லை? மிசிசிப்பிக் கரையில் அப்படிப் போன ஊர்கள் இருக்கின்றன. ஒரே தொழிலை நம்பி இருந்த மாதிரி தெரிந்தாலும், பக்கவாட்டில் வேறு வேலைகளும் ஊன்றி இருந்தன என்பது ஒரு காரணம். ஊருக்குத் தெற்கே ஆறு விட்டுப்போன மணல் பூமியை மஸ்கட்டீன் தீவு என்பார்கள். அங்கே விளைகிற கிர்ணிப்பழமும் தர்ப்பூசணியும் சுற்று வட்டாரத்தில் பேர் போனவை. தக்காளியும் விளையும், கெட்சப்புக்குப் பேர் போன ஹைன்ஸ் கம்பெனி 1893இலேயே இங்கே ஆலை போட்டது. தக்காளி, பழம் பறிக்க டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பருவந்தோறும் வந்த குடும்பங்களில் பல இங்கேயே தங்கிவிட்டன. இன்று ஊரில் கணிசமான பங்கு ஸ்பானியம் பேசும் மக்கள். 1940களில் சோளத்தை அரைத்து ஆல்கஹாலும் மாவுச்சத்தும் எடுக்கிற ஆலை வந்தது. 1944இல் மூன்று பேர் சேர்ந்து, போரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேலை தர வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சமையலறை அலமாரி செய்வதாகத் திட்டம், எஃகு கிடைக்கவில்லை. துண்டுத் தகரத்தில் சமையல் குறிப்பு அட்டை வைக்கிற சின்னப் பெட்டி செய்தார்கள். அங்கிருந்து கோப்புப் பெட்டி, மேசை, நாற்காலி என்று வளர்ந்து, அமெரிக்காவின் பெரிய அலுவலக நாற்காலி மேசைக் கம்பெனிகளில் ஒன்றானது. ஹெச்.என்.ஐ. என்பது அதன் இன்றைய பெயர்.

இனிச் சொல்ல மிஞ்சியிருப்பது சமூக வாழ்க்கை. மின்சாரம், தண்ணீர், இணையம் மூன்றையும் ஊரே தனக்குச் சொந்தமான பொது நிறுவனத்தின் மூலம் நடத்துகிறது. கேபிளும் இணையமும் நாமே போட்டுக்கொள்வோம் என்று 1997இல் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஹெச்.என்.ஐ. தன் பழைய தலைமை அலுவலகக் கட்டடத்தை ஊருக்குக் கொடுத்தது. 2018இலிருந்து மஸ்ஸர் நூலகம் அங்கேதான். அந்தச் சோள ஆலையின் புகை மூச்சை அடைத்தபோது, கம்பெனியே சோறு போடுகிறது என்று எல்லாரும் சும்மா இருந்துவிடவில்லை. தெற்குப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அதே ஆலையில் தங்கள் அண்ணன் தம்பி வேலை பார்க்கிற ஊரில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

1985இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து கால்நடைத் தீவனம் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் குழு வந்தது. அதன் தலைவர் முப்பத்தொரு வயது மாவட்ட அதிகாரி. ஹோட்டலில் தங்கவைக்காமல் ஒரு குடும்பம் தங்கள் வீட்டில், கல்லூரிக்குப் போயிருந்த மகனின் அறையைக் கொடுத்தது. அந்த அதிகாரி ஷி ஜின்பிங். 2012 பிப்ரவரியில் சீனத் துணை ஜனாதிபதியாக அமெரிக்கா வந்தபோது, மஸ்கட்டீனுக்கு மறுபடியும் வந்து, அன்று சாப்பாடு போட்டவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். அரசியலில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், வந்தவரை வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் படுக்கை விரித்த பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

வெள்ளம் இன்னும் வரும். 1965, 1993, 2019 என்று வருடம் சொல்லியே அங்கே பேசுவார்கள். தண்ணீர் ஏறுகிற வாரத்தில் மணல் மூட்டை அடுக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூட வருவார்கள். ஊருக்குச் சற்று மேலே 1930களில் கட்டிய 16ஆம் எண் அணையும், படகுகளை ஏற்றி இறக்குகிற மடையும் இருக்கின்றன. பதினைந்து பதினைந்தாகக் கட்டிய தானியப் படகுகள் அதன் வழியாகத் தெற்கே போகின்றன. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் கடைத்தெருவில் பொத்தான் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆற்றோரம் கவைக்கோலோடு நிற்கிற மட்டிக்காரரின் வெண்கலச் சிலையும் இருக்கிறது. அங்கிருந்து மேடேறி கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் கிளார்க்கின் நினைவுத்தூணைப் பாருங்கள். ஆகஸ்ட் மாதமாக இருந்தால் தெற்கே தீவுப் பக்கம் சாலையோரத்தில் வண்டியை நிறுத்துங்கள், கிர்ணிப்பழம் அப்போதுதான் பழுத்திருக்கும்.